மகாடிப் பொட்டலம்

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பார்கள். அப்படிச் சொன்னவர் விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே, எங்கள் மேரு மலையின் வடபக்கம் இருக்கிற எங்காரேக்கு வந்து நாலு நாள் தங்கியிருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பார். எங்காரேயில் பிறந்தவன் வெளியூரில் தன் ஊர்ப் பேரைச் சொல்ல வேண்டியதே இல்லை, சிரித்தால் போதும். பல்லெல்லாம் காவி ஏறியிருக்கும். தேய்த்தாலும் போகாது, சுரண்டினாலும் போகாது. அருஷா நகரத்துக்கு வேலைக்குப் போகிற எங்கள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்கள். அதை அடக்கம் என்று நினைத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்ட வெளியூர் மாப்பிள்ளைகளும் உண்டு.

பல்லோடு போனால் பரவாயில்லை. சில பிள்ளைகளுக்குக் கால் வளைந்துவிடும். வயசாளிகள் சிலருக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பார்கள். எல்லாம் ஆற்றுத் தண்ணீரில் இருக்கிற புளூரைடு செய்கிற வேலை. ஒரு காலத்தில் மலை கக்கிய பாறையிலிருந்து கரைந்து வருகிறது அது. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

கிட்டோமாரியின் மகள் அய்காவுக்கும் கால் வளைந்தது. நடக்கப் பழகிய நாளிலேயே முழங்கால் இரண்டும் உள்ளே இடித்தன. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயசு வந்தபோது, ஓடினால் விழுந்துவிடுகிற பிள்ளையாக இருந்தாள். மோஷியில் இருக்கும் பெரிய டாக்டர், "தண்ணிய மாத்துங்க, அப்புறம்தான் மருந்து" என்று சொல்லிவிட்டார். அய்காவின் அம்மா அனயேலி அன்றைக்கே புருஷனிடம் சொன்னாள், மோஷிக்கே போய்விடலாம் என்று. கிட்டோமாரி யோசிக்கலாம் என்றான். அவனுக்கு அப்பா விட்டுப்போன தக்காளித் தோட்டம் இருந்தது, அதை விட்டு எங்கே போவது? யோசித்தான், யோசித்தான், ஒரு அறுவடை முடிகிறவரை யோசித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருகிற நேரம். சர்ச் வாசலில் நின்று அனயேலி கத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! இவரு தண்ணி என் புள்ளை காலை வளைச்சிடுச்சு. தெரிஞ்சே குடுக்கறாரு. இவருக்குத் தக்காளிதான் பெருசு. அந்தத் தண்ணி சுத்தமாகற வரைக்கும் நானும் என் புள்ளையும் இந்த மண்ணை மிதிக்க மாட்டோம்!"

மறுநாள் பஸ்ஸில் ஏறி மோஷியில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு தையல் கடையில் வேலை. கிட்டோமாரிக்கு அவள்மீது கோபம் வரவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்று அவனுக்குத் தெரியும். அதுதான் அவனைத் தின்றது.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை. மூத்த பிள்ளையின் பேரோடு அப்பா, அம்மா என்று சேர்த்துத்தான் கூப்பிடுவோம். ஆகவே பிள்ளையும் பெண்டாட்டியும் இல்லாத அந்த வீட்டுக்காரனை ஊரே காலையிலிருந்து சாயங்காலம்வரை "அய்கா அப்பா, அய்கா அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அவன் திரும்பிப் பார்ப்பான். பக்கத்தில் அய்கா இருக்க மாட்டாள்.

பல்கலைக்கழகத்து ஆட்கள் வடிகட்டி வைக்க இடம் தேடி வந்தபோது, தக்காளித் தோட்டத்தின் மேல்பாதியைப் பிடுங்கிவிட்டு இடம் கொடுத்தவன் அவன்தான். அதைப் பார்த்துக்கொள்கிற வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டான். ஊர் சிரித்தது. பெண்டாட்டி கேட்டபோது ஒரு செடியைப் பிடுங்க மனசு வராதவன், போன பிறகு பாதித் தோட்டத்தைப் பிடுங்குகிறான் என்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

வடிகட்டி என்றால் மூன்று பெரிய தொட்டிகள். அவற்றுக்குள் கறுத்த ரவை மாதிரி ஒரு குருணை. மாட்டெலும்பைக் காற்றுப் புகாமல் சுட்டு, உடைத்து, சலித்து, அலுமினிய உப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்தியது. ஒவ்வொரு குருணையிலும் கண்ணுக்குத் தெரியாத பொந்துகள் இருக்கின்றனவாம். தண்ணீர் ஊடே போகும்போது புளூரைடு அந்தப் பொந்துகளில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் மட்டும் கீழே இறங்கிவிடும். பொந்தெல்லாம் நிரம்பிவிட்டால் காரம் போட்டுக் கழுவி, மறுபடி அலுமினியக் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். வெறும் எலும்புக்கரி முன்பே பல ஊர்களில் வைத்துப் பார்த்ததுதான். அது சீக்கிரம் களைத்துவிடும். இது அதைவிடப் பல மடங்கு தாங்கும் என்றார் டாக்டர் கொகுதேசா. அவர்தான் அந்தக் குருணையைப் பக்குவம் பண்ணியவர். விக்டோரியா ஏரிப் பக்கத்து அம்மாள், மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி பண்ணிப் பட்டம் வாங்கிய டாக்டர்.

தினமும் காலையில் கிட்டோமாரி ஒரு சின்னக் குழாயில் வடிகட்டிய தண்ணீரைப் பிடித்து ஒரு சிவப்பு மருந்தைச் சொட்டுவான். புளூரைடு இருந்தால் சிவப்பு வெளுக்கும், இல்லாவிட்டால் அப்படியே நிற்கும். குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பான். சிவப்பு நின்றால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கும்.

ஆரம்பத்தில் யாரும் குடிக்கவில்லை. வாழைப்பழ பீர் காய்ச்சி விற்கிற செப்பானியா வேலியோரம் நின்றுகொண்டு, "ஏம்ப்பா, உள்ள இருக்கறது செத்த கழுதை எலும்பாமே? ஊரே நாளைக்குக் கத்தப் போகுது" என்றான்.

"அப்ப நீங்க முதல்ல குடிங்கண்ணே" என்றான் கிட்டோமாரி. "சொந்தம் விட்டுப் போகாது."

செப்பானியா சிரித்துவிட்டுக் குடித்தான். அவன் குடித்ததைப் பார்த்து ஊரும் மெல்ல மெல்லக் குடித்தது. குறை மட்டும் ஓயவில்லை. பக்கத்து வீட்டு லேமாவின் அம்மா வாளியைத் தூக்கும்போதெல்லாம் முனகுவாள்.

"உன் தண்ணியில அவரைக்கொட்டை வேகறதுக்குள்ள என் ஆயுசு வெந்துடும் போலிருக்கே, அய்கா அப்பா. ஆத்துத் தண்ணின்னா வெண்ணெயா வெந்துடும்."

"ஒரு கிள்ளு மகாடி கூடப் போடுங்கக்கா" என்பான் அவன்.

மகாடி இல்லாமல் எங்கள் சமையல் இல்லை. மழை நின்ற பிறகு சமவெளியில் பள்ளமான இடங்களில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் சவுட்டு உப்பு அது. சோளமும் அவரைக்கொட்டையும் சேர்த்து மக்காண்டே வேகவைக்கும்போது ஒரு கிள்ளு போட்டால் பாதி விறகில் வெந்துவிடும், குழம்பும் கொழகொழவென்று சேர்ந்துகொள்ளும். கடையில் விற்கிறதில் மண்தான் பாதி. கையால் சுரண்டி எடுத்ததுதான் மகாடி.

கிட்டோமாரி ஞாயிற்றுக்கிழமைகளில் சமவெளிக்கு நடந்துபோய், மேல் பொருக்கை மட்டும் கரண்டியால் சுரண்டி எடுத்து வருவான். அதை வெயிலில் காயவைத்து, இடித்து, துணியில் சலித்துப் பொட்டலம் கட்டி, மோஷி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவான். அனயேலி அவனுக்குப் போன் பண்ணுவதே அதற்குத்தான்.

"மகாடி தீந்துபோச்சு."

"நாளைக்கே போட்டு விடறேன். அய்கா எப்படி இருக்கா?"

"இருக்கா. இங்க சந்தையில வாங்கினா ஒரே மண்ணு. நீங்க அனுப்பினதுதான் நல்லா இருக்குன்னு அண்ணியும் சொல்றாங்க."

அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிடுவாள். அந்தக் கடைசி வாக்கியத்தை கிட்டோமாரி அடுத்த போன் வரும்வரை வைத்துக்கொண்டு வாழ்வான். புருஷனாக வேண்டாம் என்றாலும், உப்பு சுரண்டுகிறவனாகவாவது அவளுக்குத் தான் வேண்டியிருக்கிறோமே என்று நினைப்பான். வெட்கம்கெட்ட நினைப்புதான். தனியாக இருக்கிறவனுக்கு வெட்கம் கட்டுப்படியாகாது.

வடிகட்டி வந்து, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று பல்கலைக்கழகமே சொன்ன பிறகு, திரும்பி வந்துவிடச் சொல்லி அவன் ஒரு தடவை துணிந்து கேட்டான். அனயேலி உடனே மறுக்கவில்லை. பள்ளிக்கூட விடுமுறைக்கு அய்காவை அனுப்புகிறேன் என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை. பிள்ளை வந்ததும் ஒரு தடவை, கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை அவளுடைய சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும்.

"உடம்புல எவ்வளவு புளூரைடு போகுதுன்னு அதுல தெரியுமாம். ஏறலைன்னா, வர்ற ஜனவரிக்கு அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துடறேன். நானும் வந்துடறேன். ஏறியிருந்தா இனிமே கேக்காதீங்க."

கிட்டோமாரி போனை வைத்துவிட்டு வடிகட்டித் தொட்டியைத் தட்டிக்கொடுத்தான், உழவுமாட்டைத் தட்டுவது மாதிரி. அதை நம்பித்தான் எல்லாம் இருந்தது.

அய்கா வந்து இறங்கினாள். உயரமாகியிருந்தாள். கால் அப்படியேதான் இருந்தது. அன்றைக்கே டாக்டர் கொகுதேசா முதல் சோதனைக்குச் சிறுநீரை வாங்கிக்கொண்டு போனார். முதல் இரண்டு நாள் அப்பாவிடம் ஒரு வார்த்தைக்கு மறு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள், "அப்பா, உங்களுக்கு யாருமே இல்லையா இங்க?" என்று கேட்டாள்.

"ஏன், ஊரே இருக்கே."

"ஊர் இருக்கு. வீட்ல யாரும் இல்லையே."

"நீ இருக்கியே."

"நான் போயிடுவேனே" என்றாள் சர்வசாதாரணமாக. பிள்ளைகளுக்கு ஊசி போடத் தெரியாது என்று யார் சொன்னது?

அவள் குடிப்பதற்கு மட்டுமல்ல, வாய் கொப்பளிக்க, குளிக்க, கால் கழுவக்கூட வடிகட்டிய தண்ணீர்தான் கொடுத்தான். ஆற்றுப் பக்கம் விடவில்லை. அக்கம்பக்கத்து வீட்டில் ஒரு வாய் டீ குடிக்க விடவில்லை. அவளுக்கு மக்காண்டே என்றால் உயிர். தினமும் மத்தியானம் அவனே அடுப்பு மூட்டிச் சமைத்தான். வடிகட்டிய தண்ணீரில் கொட்டை வேகத் தாமதமாகிறதே, பிள்ளை பசி தாங்காதே என்று மகாடியை ஒரு கிள்ளுக்கு இரண்டு கிள்ளாகப் போட்டான். அய்கா தட்டை வழித்து நக்கினாள்.

"அம்மா செய்யறதவிட நல்லா இருக்குப்பா. ஆனா அம்மாகிட்ட சொல்லாதீங்க."

அந்த நாட்களில் அவன் வேலை செய்யும்போது பாட்டுப் பாடினான் என்று லேமாவின் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். பாட்டு சகிக்கவில்லையாம், அது வேறு விஷயம்.

கிளம்புகிற வாரம் டாக்டர் கொகுதேசா முடிவோடு வந்தார். முகத்தைப் பார்த்ததுமே கிட்டோமாரி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான்.

"ஏறியிருக்குங்க" என்றார் டாக்டர். "தண்ணியில ஒண்ணுமே இல்ல. மூணு தொட்டியையும் இப்பதான் பாத்தேன், என் வீட்டுத் தண்ணியவிட நல்லா இருக்கு. எனக்கே புரியல. இன்னொண்ணும் புரியல. மோஷியிலேருந்து வந்த அன்னைக்கு எடுத்தோமே, அதுவே அதிகமாத்தான் இருந்தது. அங்க நல்ல தண்ணி. ரெண்டு வருஷமா அதைத்தானே குடிக்கறா? தண்ணியத் தவிர வேற எது வழியாவோ போகுது. என்ன சாப்பிட்டா?"

"நான் சமைச்சதுதாம்மா. மக்காண்டே."

"அதுல என்னென்ன போடுவீங்க?"

சொல்லிக்கொண்டே வந்தவன் மகாடி என்றதும் டாக்டர் கையை உயர்த்தினார். அந்தம்மா ஏரிக்கரைக்காரர். அவர் வீட்டில் மக்காண்டேயும் இல்லை, மகாடியும் இல்லை. கொண்டுவாருங்கள் பார்ப்போம் என்றார். கிட்டோமாரி சலித்து வைத்திருந்த டப்பாவை எடுத்துவந்து கொடுத்தான். ஒரு கிள்ளு எடுத்து வடிகட்டிய தண்ணீரில் கரைத்து, பையிலிருந்த அளவுக்கருவியை அதில் முக்கினார். எண் ஏறிக்கொண்டே போனது. ஆற்றுத் தண்ணீரைத் தாண்டியும் ஏறியது.

டாக்டர் கருவியைத் துடைத்து மறுபடி முக்கிப் பார்த்தார், அதே எண்தான். "எங்க எல்லாருக்கும் தண்ணி மேலதான் கண்ணு" என்றார். "அடுப்பங்கரையை ஒருத்தரும் எட்டிப் பாக்கல. ஊர்ல எல்லார் வீட்லயும் சொல்லிடறேன், இனிமே இதப் போடக் கூடாதுன்னு. ஆனா மோஷியில எப்படி? அங்க ஏது இவ்வளவு சுத்தமான மகாடி?"

அங்கே அது எப்படிப் போனது என்று கிட்டோமாரி ஒருவனுக்குத்தான் தெரியும். மேல் பொருக்கை மட்டும் பார்த்துப் பார்த்துச் சுரண்டி, காயவைத்து, துணியில் சலித்து அனுப்பியது அவனுடைய கை. நல்ல டாக்டர், நல்ல தண்ணீர் என்று அனயேலி ஊரை விட்டு, புருஷனை விட்டு ஓடினாள். அவன் விஷத்தைப் பொட்டலம் கட்டிப் பின்னாலேயே அனுப்பிக்கொண்டிருந்தான். அவனுக்கு அழுகை வந்தது. அய்கா முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டான்.

டாக்டர் போன பிறகு அவன் புத்தி வேறு வழியில் ஓடியது. கடையில் விற்கிறதே ஆப்பசோடா, அதுவும் வெள்ளைப் பொடிதான், அதிலும் கொட்டை வேகும். அதைப் பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டால் என்ன? பிள்ளைக்கும் கெடுதல் இல்லை. அனயேலிக்கும் தெரியாது. போனும் வந்துகொண்டிருக்கும். நினைக்க நினைக்க அது நல்ல யோசனையாகவே தோன்றியது. ஆனால் மோஷியில் அவளுடைய அண்ணி சந்தை மகாடியை வாங்கி ஒருநாள் போட்டுவிட்டால்? உள்ளூரிலேயே யாராவது கொடுத்துவிட்டால்? மறுபடியும் யோசித்துக்கொண்டே இருந்து பிள்ளையின் காலை இன்னும் வளைய விடுவதா?

அவனே போன் போட்டான். பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"முடிவு வந்துச்சா?" என்றாள் அனயேலி.

"வந்துச்சு. ஏறியிருக்கு."

"தெரியும். எனக்குத் தெரியும். அந்தத் தண்ணி..."

"தண்ணியில்ல, அனயேலி. மகாடி."

"என்ன மகாடி?"

சொன்னான். டாக்டர் கரைத்ததை, எண் ஏறியதை, மோஷியிலிருந்து வந்த அன்றைக்கே அதிகமாக இருந்ததை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். மிஷின் சத்தம் நின்றுபோயிருந்தது.

"கதை விடாதீங்க" என்றாள் முதலில். பிறகு, "இங்க டாக்டரும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. தண்ணிய நெசமாவே மாத்தினீங்களான்னு. என்னமோ நான் பொய் சொல்றாப்பல. நான் அவரோட சண்டை போட்டேன்."

"நான்தான் அனுப்பினேன். என் தப்பு."

"நான்தானே கேட்டேன். பால் மறந்த நாள்லேருந்து அவளுக்கு மகாடி போட்டுத்தான் ஊட்டியிருக்கேன். நல்லா குழையணும்னு ஒரு கிள்ளு கூடவே போடுவேன்."

"நானும்தான்..."

"இதுலயும் பங்குக்கு வராதீங்க!" என்று கத்தினாள். அழுகிறாள் என்று தெரிந்தது. அவள் அழுது அவன் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. பக்கத்தில் இருந்தால் தோளைத் தொட்டிருப்பான். தொட விட்டிருப்பாளோ என்னவோ.

"தண்ணி நெசமாவே நல்லா இருக்கு, அனயேலி" என்றான். "மகாடிய விட்டுட்டா போதும். டாக்டரே சொல்லிட்டாங்க. வந்துடு."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது? சர்ச் வாசல்ல நின்னு உங்களையும் உங்க தண்ணியையும் கிழிச்சவ நான்."

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு இருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "புள்ளைக்குத் தெரியுமா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. சனிக்கிழமை பஸ்ல ஏத்தி விடுங்க. இங்க வீட்ல இருக்கறத எல்லாம் இப்பவே கொட்டிடறேன்."

வைத்துவிட்டாள். திட்டுவாள் என்று அவன் தயாராக இருந்தான். திட்டியிருந்தால் தேவலை. திட்டுகிறவள் என்றைக்காவது ஆறுவாள். இது அவள் தன்னைத்தானே திட்டிக்கொள்வது, அதில் அவனுக்கு இடமே இல்லை.

சனிக்கிழமை காலை ஊர்ப் பெண்கள் தண்ணீருக்கு நின்றிருந்தார்கள். டாக்டர் சொல்லிவிட்டுப் போனதில் ஊரே மகாடிப் பேச்சாக இருந்தது. "குடிக்கறதுக்கும் தடை, திங்கறதுக்கும் தடை. மூச்சு விடறதுக்கு எப்பத் தடை போடறாங்களோ" என்று லேமாவின் அம்மா புலம்பிக்கொண்டிருந்தாள். கிட்டோமாரி குழாயைத் திறந்து வைத்து அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அய்காவின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தான். பிள்ளைக்குக் கால் வலிக்குமே என்று மெதுவாகவே நடந்தான். அவளும் அவன் கையை விடவில்லை.

பஸ் வந்தது. கண்டக்டர் அவனைப் பார்த்ததும் வழக்கம்போலப் பொட்டலத்துக்குக் கையை நீட்டினான். கிட்டோமாரி தலையை ஆட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்கி ஜன்னலோரம் உட்காரவைத்தான். ஒரு பாட்டில் நல்ல தண்ணீரும் வேகவைத்த வாழைக்காயும் மடியில் வைத்தான்.

அய்கா பைக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"அப்பா, மகாடி வெக்க மறந்துட்டீங்க."

"மறக்கலம்மா. இனிமே அம்மாவுக்கு வேண்டாமாம்."

"இனிமேன்னா? எப்பவுமேவா?"

"எப்பவுமே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினான், பஸ் உறுமியது. அந்தச் சத்தத்தில் கேட்காதோ என்று பிள்ளை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நன்றாக உரக்கவே கேட்டாள்.

"அப்புறம் எதுக்குப்பா அம்மா உங்களுக்குப் போன் பண்ணுவாங்க?"

கிட்டோமாரி வாயைத் திறந்தான். பஸ் கிளம்பிவிட்டது. ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பதில் அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. அப்படி ஒரு நிம்மதி வந்ததற்காகவே, புழுதி அடங்கிய பிறகும் அவன் வீட்டுக்குத் திரும்ப மனசில்லாமல் ரோட்டோரமாக நின்றுகொண்டிருந்தான்.